மாதிரி மோட்டார் வண்டிகளும் அவற்றின் மெருகும்

பெரிய பொருளுக்குரிய விதிகள் யாவும் அதன் சிறிய மாதிரிக்கும் பொருந்துமென்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அஃது எப்பொழுதும் உண்மையன்று என்பதற்கு மாதிரி மோட்டார் வண்டியின் வர்ணப்பூச்சே தக்க சான்றாகும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1930 முதல் 1968 வரை, 'பிஷர் பாடி கிராப்ட்ஸ்மென்ஸ் கில்டு' என்னும் பெயரால் இளைஞர்க்கு ஒரு கைத்திறப் போட்டி நடத்தி வந்தனர். உண்மை வண்டியின் 12இல் ஒரு பங்கு அளவில், தாமே வரைந்து தம் கையாற் செய்த மாதிரி வண்டிகளுக்குக் கல்லூரிப் படிப்பிற்கான உதவித்தொகை பரிசாக அளிக்கப்பட்டது. வடிவத்தோடு வேலைத்திறமும் ஆராயப்பட்டமையால், பூச்சின் வழவழப்பும் ஓர் இளைஞனது கல்வியை நிர்ணயிக்கக் கூடியதாயிருந்தது.

இக்காலத்தில் இத்தகைய மாதிரிகள் பிளாஸ்டிக் பாகங்களாகவே விலைக்குக் கிடைக்கின்றன. 1957ஆம் வருஷத்துச் செவ்ரோலே பெல் ஏர் வண்டியின் மாதிரியொன்றை எடுத்துக்கொள்வோம். வண்டி 25இல் ஒரு பங்காகச் சிறுத்தது, வர்ணமோ சிறுக்கவில்லை. அம்மாதிரியின்மேல் பத்திலொரு மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு, உண்மை வண்டியின்மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்திற்கு ஒப்பாகும். அதனாற் கதவைச் சுற்றியுள்ள நுண்ணிய கோடுகள் தூர்ந்துபோம். ஒரு தூசியும் கூழாங்கல்லெனத் தோன்றும். ஆகவே பூச்சு மெல்லியதாயிருத்தல் இன்றியமையாதது.

முதலில், அச்சில் வார்த்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பசையைச் சோப்பு நீராற் கழுவுதல் வேண்டும். பின்னர் மெல்லிய பிரைமர் தெளித்தால், கண்ணுக்குத் தப்பிய கீறல்கள் வெளிப்படும். அவற்றை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அதன்மேல் வர்ணத்தைப் பல மெல்லிய பூச்சுக்களாகத் தெளிக்க வேண்டும். தெளிக்குங் கருவி மிக விலகியிருப்பின், துளிகள் வழியிலேயே பாதி உலர்ந்து, பூச்சு ஆரஞ்சுத் தோல்போல் ஆகும். மிக நெருங்கின் வர்ணம் வழிந்தோடும். மழைநாளிலோ, விரைந்து ஆவியாகும் தின்னர் பூச்சைக் குளிரச்செய்ய, காற்றிலுள்ள ஈரம் அதன்மேற் படிந்து வெண்மூட்டம் போடும். நன்கு உலர்ந்தபின் 2000 எண்ணும் அதற்கு மேற்பட்டதுமான தாள்களை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, மெருகுப் பசையிட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம். விளிம்புகளில் வர்ணம் மெலிந்திருக்குமாதலால், அவ்விடங்களிற் கைப்பதம் வேண்டும்.

இனிக் குரோமியப் பட்டைகளைக் கவனிப்போம். வெள்ளி வர்ணத்திலுள்ள உலோகத் துகள்கள் ஒளியைப் பலதிசையிலும் சிதறச் செய்வதால், அது சாம்பல் நிறமாகவே தோன்றும். எனவே, பின்புறம் பசையுள்ள மிக மெல்லிய அலுமினியத் தகட்டைப் பட்டையின்மேல் ஒட்டி, பல்குத்தும் குச்சியால் நீவிப் படியவைத்து, புதிய பிளேடின் முனையை ஓரமாக அழுத்தாமல் ஓட்டி, மிகுதியை உரித்தெடுப்பர். தகடு கண்ணாடிபோல் மின்னும். ஆயினும் அடியில் ஒரு கீறல் இருப்பின், அதனையும் உள்ளபடியே காட்டிவிடும்.

மெருகு குறையை மறைக்குமென்று நம்பி அவசரப்படுவோர் பலர். அது குறையைப் பெரிதாக்கியே காட்டும். ஆதலின் முதற்பூச்சிற்கு முன் செலவிடும் பொழுதே இவ்வேலையிற் பயன்மிக்க பொழுது என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்வார்களாக.