அக்கா மகளும் கணினியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பீகார் தொழிலாளி ஒருவரின் வம்சாவளியை வரைந்தால், பெரும்பாலும் கிளை கிளையாக விரிந்துகொண்டே போகும். பீகாரில் இந்துக் குடும்பங்களில் பொதுவாக நெருங்கிய சொந்தத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். திருவள்ளூர்ப் பக்கத்துத் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில் அக்கா மகளைக் கட்டியவர் ஒருவராவது இருப்பார். மாமன் மகள், அத்தை மகன் கணக்கோ சொல்லவே வேண்டாம். வம்சாவளிப் படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. அந்தக் கோடு விழுந்ததும் படத்தில் ஒரு வளையம் மூடிக்கொள்ளும். பரம்பரை நோய்க்கான வாய்ப்பைக் கணக்கிடும் கணினி திணறுவது அங்கேதான்.

ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் நன்றாக இருக்கலாம், ஒன்று பழுதாகலாம், இரண்டுமே பழுதாகலாம். ஆளுக்கு மூன்று நிலை என்றால் 20 பேர் குடும்பத்துக்கு 348 கோடிக்கு மேல் சாத்தியங்கள். அத்தனையையும் எண்ணாமல் தப்பிக்க 1971-ல் ராபர்ட் எல்ஸ்டனும் ஜான் ஸ்டூவர்ட்டும் ஒரு வழி சொன்னார்கள். ஓரத்திலுள்ள சிறு குடும்பத்தின் கணக்கை முடித்து, அதைப் பெரிய குடும்பத்தோடு இணைக்கும் ஒருவர் பெயரில் பற்று வைத்துவிட்டு, மற்றவர்களை நீக்கிவிடலாம். தாய்மாமனைக் கட்டிய வீட்டில் கணவன், மனைவி இருவருமே அதே பெரிய குடும்பத்து ஆட்கள். பற்றை யார் பெயரில் வைப்பது? வளையத்தில் ஒருவரைப் பிடித்து, அவரை மூன்று நிலையிலும் மாற்றி மாற்றி வைத்து, மூன்று முறை கணக்குப் போட்டுக் கூட்டுவார்கள். ஐந்து வளையம் என்றால் 243 முறை.

இவ்வளவு பாடுபடுத்தும் வளையம்தான் நல்ல துப்பும்கூட. பாட்டியிடம் உள்ள ஒரு பழுது, மகன் வழியாகவும் மகள், பேத்தி வழியாகவும் இறங்கி, அந்த மகனுக்கும் பேத்திக்கும் பிறக்கும் பிள்ளையிடம் இரட்டையாகச் சேர ஐந்து படி தாண்ட வேண்டும். படிக்குப் பாதி வாய்ப்பு, ஆக 32-ல் ஒன்று. தாத்தா, பாட்டியின் நான்கு பிரதிகளுக்கும் சேர்த்தால் எட்டில் ஒன்று. நோயுள்ள பிள்ளையிடம் இப்படி இரு பக்கமும் அச்சாக ஒத்துப்போகும் குரோமோசோம் துண்டைத் தேடினால், முன்பின் தெரியாத நோய் மரபணுவும் பெரும்பாலும் அதற்குள் சிக்கும். 1987-ல் எரிக் லேண்டரும் டேவிட் பாட்ஸ்டீனும் காட்டிய வழி இது. அத்தை, மாமன் மக்களுக்குப் பிறந்த நோயுள்ள ஒரு பிள்ளை, சாதாரணக் குடும்பத்தில் நோயுள்ள மூன்று பிள்ளைகள் தரும் அளவு தகவலைத் தரும் என்று கணக்கிட்டார்கள்.

அதனால் மரபியல் ஆலோசனையில் ‘சொந்தம்தான்’ என்று மட்டும் சொன்னால் விடமாட்டார்கள்; என்ன சொந்தம் என்று கேட்பார்கள். பிள்ளையிடம் ஒரே பிரதி இரட்டையாகச் சேரும் வாய்ப்பு அக்கா மகள் என்றால் 1/8, அத்தை மகள் என்றால் 1/16, ஒன்றுவிட்ட அத்தை மகள் என்றால் 1/64.