மஞ்சள் சிவக்கும் நேரம்

ஆரத்தி கரைக்கையில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு முழுக்கச் சிவந்துவிடும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பே இல்லாமல், வெறும் உப்பிலிருந்தும் அந்தச் சிவப்பை வரவழைக்கலாம்.

ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் கரையுங்கள். இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்களை 9 வோல்ட் பேட்டரியோடு கம்பியால் இணைத்து, மறுமுனைகளைத் தண்ணீரில் நனைய விடுங்கள். எதிர்முனைப் பென்சிலில் பொடிக்குமிழ்கள் எழும். சுற்றிலும் தண்ணீர் சிவக்கும். நேர்முனைப் பக்கம் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஓரிரு நிமிடம் போதும்.

குமிழ் ஹைட்ரஜன். வாடை குளோரின். மஞ்சளைச் சிவக்க வைத்தது சோடியம் ஹைட்ராக்சைடு. சாயப்பட்டறைகளில் 'காஸ்டிக்' என்பார்கள். மதுரையில் நூலுக்குச் சாயமேற்றவும் சோப்புக் காய்ச்சவும் காஸ்டிக் வேண்டும். குடிநீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ஆலையில், பெரிய அளவில் நடப்பதும் இதே டம்ளர் வேலைதான்.

ஆனால் டம்ளரில் எல்லாம் கலந்துவிடுகிறது. குளோரினும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சலவைத் திரவம் ஆகிவிடும்; ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்தால் வெடிக்கும். அதனால் இன்றைய ஆலைகளில் இரு முனைகளுக்கும் நடுவே மெல்லிய பாலிமர் சவ்வு நிற்கிறது. அது சோடியம் அயனிக்கு வழிவிடும், குளோரைடை மறிக்கும். கால்சியமோ மக்னீசியமோ துளி இருந்தாலும் சவ்வு அடைத்துக்கொள்ளும். ஆகவே உப்புநீரை முதலில் நன்றாகச் சுத்திகரிக்கிறார்கள். ஒரு டன் காஸ்டிக்குக்குச் சுமார் ஒன்றரை டன் உப்பும் 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் செலவாகின்றன. கூடவே 880 கிலோ அளவுக்குக் குளோரினும் கிடைக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்டரியைக் கழற்றியதும் நேர்முனைப் பென்சிலின் கரியைத் தொட்டுப் பாருங்கள். நீண்ட நேரம் ஓடியிருந்தால் நுனி அரித்துப் பொடியும். ஆலைகளின் கிராஃபைட் முனைகளும் இப்படித்தான் தேய்ந்தன. தேயத் தேய இடைவெளி கூடும், மின்செலவும் ஏறும். இதற்கு மாற்றாக, டைட்டானியத்தின்மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய முனைகளை நம் நாட்டிலேயே உருவாக்கியது காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான 'சிக்ரி'. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம் அது, திறந்தது 1953இல்.

மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். பென்சில் பொடிவதைப் பார்த்த பிள்ளையை ஒருமுறை அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.