5 வோல்ட் ஏர் பம்ப், 230 வோல்ட் பிளக் பாயிண்ட்... நடுவில் என்ன இருக்க வேண்டும்?

சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் கடைகள் நிறைந்த இடத்துக்குப் போனால், மீனோடு ஒரு குட்டி ஏர் பம்பையும் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும், அது நேரடியாக பிளக்கில் மாட்டும் பம்ப் இல்லை. வயரின் முனையில் யுஎஸ்பி பின் இருக்கும், அல்லது பேட்டரி போடும் இடம் இருக்கும். சிலவற்றில் வெறும் சிவப்பு, கறுப்பு வயர் மட்டும்தான். இதை வீட்டு கரன்ட்டில் எப்படி ஓட்டுவது?

இரண்டு கரன்ட், இரண்டு குணம்

நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி. விநாடிக்கு 50 சுற்று திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் இது. வழக்கமான பெரிய ஏர் பம்புக்குள் இருக்கும் மின்காந்தம் இந்த மாற்றத்தைப் பயன்படுத்தித்தான் ரப்பர் சவ்வை அதிரவைத்துக் காற்றைத் தள்ளுகிறது. அந்த ‘உர்ர்ர்’ சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

சின்ன பம்ப் வேறு ரகம். உள்ளே பெரும்பாலும் ஒரு குட்டி டிசி மோட்டார்தான். யுஎஸ்பி என்றால் 5 வோல்ட், இரண்டு பேட்டரி போடுவது என்றால் 3 வோல்ட், கார் பேட்டரியில் ஓடுவது என்றால் 12 வோல்ட். அதை நேராக பிளக்கில் சொருகினால் அந்த நொடியே கருகிவிடும். பம்ப் போனால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது, அதில் நம் கை இருக்கிறது.

சார்ஜர் போதுமா?

யுஎஸ்பி பம்ப் என்றால் தாராளமாகப் போதும். நல்ல மொபைல் சார்ஜர் 230 வோல்ட் ஏசியை 5 வோல்ட் டிசியாக மாற்றித் தரும். ‘என்னுடையது 2 ஆம்பியர் சார்ஜர், பம்ப் எரிந்துடாதா?’ என்ற பயம் வேண்டாம். ஆம்பியர் என்பது சார்ஜரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற அளவு. பம்ப் தனக்குத் தேவையானதை மட்டும்தான் இழுக்கும். ஃபாஸ்ட் சார்ஜரும் எதிர்முனையில் இருக்கும் கருவி கேட்டால்தான் வோல்ட்டை உயர்த்தும். இல்லையென்றால் 5 வோல்ட்டிலேயே நிற்கும்.

மற்ற பம்புகளுக்கு அடாப்டர் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் பம்புக்குத் தேவையான அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. 3 வோல்ட் பம்பை 5 வோல்ட் சார்ஜரில் மாட்டினால் குமிழி அமர்க்களமாக வரும், ஆனால் மோட்டார் சூடாகிச் சீக்கிரமே போய்விடும். அதற்கு 3 வோல்ட் அடாப்டர்தான் சரி.

இந்தக் குறுக்குவழி மட்டும் வேண்டாம்

‘ஒரு கெபாசிட்டரையோ பல்பையோ வரிசையில் போட்டால் வோல்ட் இறங்கிடும்’ என்று சிலர் யோசனை சொல்வார்கள். இறங்குவதுபோல் தெரியும், ஆனால் ஆபத்து அப்படியே இருக்கும். நல்ல சார்ஜருக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 230 வோல்ட் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் வயரால் தொட்டுக்கொள்வதே இல்லை. கெபாசிட்டர் வழியில் அந்தப் பிரிவு கிடையாது. வயர் நைந்து தண்ணீரில் பட்டால் தொட்டி முழுவதும் ஷாக் அடிக்கலாம்.

பிஐஎஸ் முத்திரை இல்லாத மலிவு சார்ஜர்களிலும் இந்தப் பிரிவு ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது. தொட்டி விஷயத்தில் ஐம்பது, நூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மாட்டும்போது கவனிக்க

* சார்ஜரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது.
* வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலேற்றி பிளக்கில் மாட்டுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.
* பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரன்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி பம்புக்குள் வரும். வேறு இடமே இல்லையென்றால் குழாயில் ஒரு ‘செக் வால்வு’ போடுங்கள்.
* வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.
* கையை உள்ளே விடும் முன் தொட்டியின் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கரன்ட் போனால்?

20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். அதனால்தான் கோடை இரவில் கரன்ட் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. இந்த நேரத்தில் யுஎஸ்பி பம்ப்தான் கை கொடுக்கும். பவர் பேங்கில் மாட்டினால் போதும். ஆனால் பம்ப் இழுக்கும் கரன்ட் ரொம்பக் குறைவு என்பதால், சில பவர் பேங்குகள் ‘எதுவும் மாட்டவில்லை’ என நினைத்துத் தானாகவே அணைந்துவிடும். பகலிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கரன்ட் பில்? 1 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் முக்கால் யூனிட்டைத் தாண்டாது. சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு யூனிட் அளவில்தான் நிற்கும். மீன் மூச்சு விட அது பெரிய செலவில்லை!