மாசம் அம்பது ரூபா, ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம்!

வேப்பம்பட்டு ரயில்வே ஸ்டேஷன்... காலை எட்டு மணி. கழுத்தில் ஐடி கார்டு, காதில் ஹெட்செட் சகிதம் சென்ட்ரல் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினுக்காக ஒரு கூட்டம். எதிர் பிளாட்பாரத்தில் திருவள்ளூர் பக்கத்துக் காலேஜ்களுக்குப் போகிற இன்னொரு கூட்டம். நடுவில், சீசன் டிக்கெட்டே எடுக்காமல் பெஞ்சுக்கடியில் ஹாய்யாகப் படுத்திருக்கும் நாலு கால் பார்ட்டிகள்! பாதி பன்னைப் பிய்த்துப் போட்டால் போதும், வால் ஆடும். ஒரு செல்ஃபி, ஒரு ஸ்டேட்டஸ், ட்ரெயின் வந்தாச்சு, ஏறியாச்சு.

சரி, அதே நாய் தண்டவாளத்தைத் தாண்டும்போது அடிபட்டுக் கிடந்தால்?

'அய்யோ பாவம்' ஒரு பத்து வரும். அப்புறம் ஆளாளுக்கு மொபைலைத் தடவுவோம். முதலில் வந்து நிற்கிற பேர் ப்ளூ கிராஸ். அது இருப்பது கிண்டியில். நாம் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறி... மனுஷனுக்கே அது பெரிய டூர்! சென்னை மாநகராட்சியின் எல்லையோ அம்பத்தூரோடு நின்றுவிடுகிறது. நம்ம ஏரியா நாய்க்கு நம்மளை விட்டால் நாதி இல்லை என்பதுதான் நிஜம்.

அந்த ப்ளூ கிராஸே 'நம்மளை மாதிரி' ஆட்களால் ஆரம்பித்ததுதான். 1959. மழை வெள்ளத்தில் தத்தளித்த ரெண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வருகிறார். அவர் ஒரு விமான பைலட். அவர் மனைவி உஷா சுந்தரமும் பைலட். 1951-ல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்து ரெக்கார்டு வைத்த ஜோடி! தி.நகர் வீடே முதல் காப்பகம். அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் முதல் வாலன்டியர்கள்.

மகன் சின்னி கிருஷ்ணா இன்ஜினீயர். அப்போதெல்லாம் தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதுதான் மாநகராட்சியின் வழக்கம். எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லையே, ஏன் என்று இவர் கேட்டார். சிம்பிள் லாஜிக். ஒரு தெருவில் நாய் போனால் அந்த இடத்துக்கும் அந்தக் குப்பைத்தொட்டிக்கும் வேறு நாய் வரும், குட்டி போடும். நாயின் கர்ப்ப காலமே ரெண்டு மாசம்தான். அதனால் பிடித்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடு என்றார்கள். 1964 முதல் ப்ளூ கிராஸ் இதைச் சொல்லி வந்தது. மாநகராட்சி தலையாட்டியது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம், பாஸ்! நாம் அரியர் க்ளியர் பண்ண மூணு செமஸ்டர் ஆனாலே சோர்ந்துபோகிறோம். 2001-ல் நாடு முழுக்க இதுவே மத்திய அரசின் விதியானது. 2023-ல் அந்த விதிகளைப் புதுப்பித்தும் விட்டார்கள்.

(இடைச்செருகல்: உயிரியல் மாணவர்கள் தவளையை அறுக்காமல் கம்ப்யூட்டரிலேயே கற்றுக்கொள்ள 'கம்ப்யூஃப்ராக்' என்ற சாஃப்ட்வேருக்குப் பின்னால் இருந்ததும் இதே சின்னி கிருஷ்ணாதான். லேபில் தவளையைக் கண்டாலே மயங்கி விழும் கோஷ்டிகள் இங்கே ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம்.)

இனி மேட்டருக்கு வருவோம். ஒரு காப்பகத்துக்கு என்ன செலவாகும்? பெரிய ஆடிட்டர் எல்லாம் வேண்டாம், நாமே போட்டுப் பார்க்கலாம். நூறு நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி என்றாலே 15 கிலோ. மாசத்துக்கு 450 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை பதினெட்டு! இதில் கோழிக்கறி சேரவில்லை, கேஸ் சேரவில்லை, சமைக்கிறவர் சம்பளம் சேரவில்லை. டாக்டர், மருந்து, எக்ஸ்ரே, வண்டிக்கு டீசல் எல்லாம் இனிமேல்தான். அரசு மானியம் உண்டு. ஆபரேஷன்களுக்கு உள்ளாட்சி அமைப்பு பணம் கொடுப்பதும் உண்டு. அது ஆபரேஷன் செலவுக்கு. ஆக்சிடென்ட்டில் முதுகெலும்பு உடைந்து, இனி தெருவுக்குப் போகவே முடியாத நாய்க்கு ஆயுசு முழுக்க யார் சோறு போடுவது? அது நன்கொடைக் கணக்கில்தான் வருகிறது.

நன்கொடை என்றதும் 'நான் என்ன அம்பானியா?' என்று ஜகா வாங்காதீர்கள். இருநூறு பேர் மாசம் அம்பது ரூபாய் போட்டால் பத்தாயிரம். பிறந்தநாளுக்கு ஒருவர் ஒரே தடவையாகப் பத்தாயிரம் கொடுப்பதும் நல்ல விஷயம்தான். ஆனால், மாசாமாசம் வரும் என்று தெரிந்த பத்தாயிரத்தை நம்பித்தான் ஒரு காப்பகம் ஆளை வேலைக்கு வைக்க முடியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாசலில் வண்டி நிற்கும். ஜூலை மாசம் ஈ கூட வராது. பசிக்கு காலண்டர் தெரியுமா என்ன?

பொருளாகக் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம்மாட்கள் வாரி வழங்குவது பிஸ்கட்டும் பாலும். பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். சாக்லேட், வெங்காயம், திராட்சை நாய்க்கு விஷம். ஃபினாயில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிற புண்ணியவான்களே... அதில் இருக்கும் ஃபீனால் வகை ரசாயனம் பூனைக்கு எமன்! அப்படியானால் என்னதான் கொடுப்பது? பழைய பெட்ஷீட், துண்டு, கோணிப்பை, நியூஸ் பேப்பர், அரிசி. இன்னும் பெஸ்ட், போன் பண்ணி 'இந்த வாரம் என்ன வேணும்?' என்று கேட்பது.

அடுத்து ஆள் பலம். வாலன்டியர் என்றால் நாய்க்குட்டியைக் கொஞ்சுவது என்று நினைத்துப் போகிறவர்கள் அரை மணி நேரத்தில் அப்பீட். முதல் வேலை பெரும்பாலும் கூண்டைக் கழுவுவது. அப்புறம் குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, கட்டுப் போடும்போது பிடித்துக்கொள்வது, வாக்கிங். அந்த வாக்கிங்கை டைம்பாஸ் என்று நினைக்க வேண்டாம். மனுஷ வாசனைக்கே நடுங்குகிற நாயை யாரும் தத்தெடுக்க மாட்டார்கள். வாராவாரம் ஒரே ஆள் வந்து பழகினால்தான் பயம் தெளியும். அதனால், ஒருநாள் அம்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கி குரூப் போட்டோ எடுத்துப் போவதைவிட, ஞாயிறுதோறும் மூணு மணி நேரம் ரெண்டு பேர் வருவது எவ்வளவோ மேல்.

குட்டிகள் வார்டில் கண்டிப்பு இன்னும் அதிகம். பார்வோ என்ற வைரஸ் ஷூவில் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குட்டிக்கு வந்தால் மொத்தமும் காலி. 'தொடாதே' என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ப்ளீஸ். இன்னொன்று, கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி இருக்கிறது. வாலன்டியராகப் போகிற ஆசை இருந்தால் முதலில் டாக்டரைப் பார்த்து அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மீறிக் கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

நாய்க்காக மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ராத்திரி கடைசி ட்ரெயினில் இறங்கி, பத்து நாய் துரத்த சைக்கிளை மிதிக்கிறவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 2018-ல் சென்னை மாநகராட்சி எடுத்த கணக்கில் தெருநாய்கள் 57 ஆயிரம் சொச்சம். 2024-ல் சுமார் 1.8 லட்சம். கருத்தடை ஆனவை 27 சதவீதம்தான். ஆபரேஷன் வேகத்தைவிடக் குட்டி போடும் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான், 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பஸ் ஸ்டாண்டுகள், ரயில் நிலையங்கள்... இங்கிருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. லிஸ்ட்டை இன்னொரு தடவை படியுங்கள். நம்ம கேம்பஸும் அதில் இருக்கிறது, வேப்பம்பட்டு பிளாட்பாரமும் இருக்கிறது!

எழுதுவது சுலபம். காப்பகம் எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால், காப்பகம் என்பது ஆஸ்பத்திரி மாதிரி. வந்து, குணமாகி, கிளம்பணும். அதை ஹாஸ்டலாக்கினால் நெரிசல், சண்டை, தொற்று. 2020-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில், மான்களைக் கடிக்கின்றன என்று வளாகத்து நாய்களைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அடைப்புக்குள்ளேயே பல நாய்கள் இறந்துபோக, விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. சோறு போட ஆளும், பார்க்க டாக்டரும் இல்லாமல் சுவர் மட்டும் எழுப்பினால் இதுதான் நடக்கும்.

நம்ம ரூட்டுக்கு என்ன செய்யலாம்? என்.எஸ்.எஸ். யூனிட்டில் நாலு பேர் சேருங்கள். ஏரியாவில் எத்தனை நாய், எதற்கெல்லாம் காதில் ஆபரேஷன் அடையாள வெட்டு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கோடு போய் நின்றால்தான் உள்ளாட்சி ஆபீஸில் பேச்சு எடுபடும். அடிபட்ட நாய்க்குக் கிண்டிதான் கதி என்றில்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆட்டோ காசுக்கு ஒரு சின்ன ஃபண்ட் இருந்தால் போதும். வீட்டில் அம்மா சம்மதித்தால், கட்டுப் பிரிக்கிற வரைக்கும் ஒரு குட்டியை நாலு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காப்பகத்தில் ஒரு கூண்டு காலியாகும், இன்னொரு கேஸ் உள்ளே போகும்.

எதுவுமே முடியாத ஹாஸ்டல் வாசிகளே... செமஸ்டர் முடிந்ததும் ரூம் மூலையில் குவிந்திருக்கும் நியூஸ் பேப்பரையும், நைந்துபோன பெட்ஷீட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காப்பகத்துக்குப் போகிற ஃப்ரெண்டின் பைக்கில் ஏற்றிவிடுங்கள்.