ஒன்லைன் கடையின் பின்னறை வேலைகள்

எமது வர்த்தகர்களில் கணிசமானோர் இன்று கடையோடு சேர்த்து இணையத்தளம் ஒன்றையும் நடத்துகின்றனர். தளத்தை அமைத்துக் கொடுக்கும் இளைஞர்களிடம் ஏதாவது விளக்கம் கேட்டால், "அதெல்லாம் பெக்ரவுண்டில போகும் நானா, நீங்க யோசிக்காதீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பெக்ரவுண்டில் போவது எங்கே போகிறது, போன வேலை முடிந்ததா என்று கேட்கும் பழக்கம் எம்மிடம் குறைவு. களஞ்சியத்துக்குப் போன துண்டுக்குச் சாமான் வந்ததா என்று பாராமல் எந்த முதலாளியும் கடையைப் பூட்டுவதில்லை. நான் புடைவை வியாபாரி, மென்பொருள் எழுதுபவன் அல்லன். ஆனாலும் இது கடை நடத்தத் தெரிந்தவருக்கு விளங்காத விடயமல்ல.

வாடிக்கையாளர் ஒருவர் தளத்தில் இரண்டு சாரிகளைத் தெரிவு செய்து ஓடர் பொத்தானை அழுத்துகிறார் எனக் கொள்வோம். ஓடர் பதிவாக வேண்டும், இருப்பில் இரண்டு குறைய வேண்டும். அத்துடன் அவருக்குக் குறுந்தகவல், மின்னஞ்சலில் பில், கணக்கு மென்பொருளில் ஒரு பதிவு, கூரியர் கம்பனிக்கு ஓர் அறிவித்தல். இத்தனையும் முடியும்வரை அவரது திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் அவர் மறுபடியும் அழுத்துவார். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் தளத்தில் பெருநாளுக்கு முந்திய வாரம் இப்படி ஒரே ஓடர் மூன்று தடவை பதிவாகி, மூன்று பார்சல்கள் கட்டப்பட்டன. குறுந்தகவல் அனுப்பும் நிறுவனத்தின் கணனி அன்று மந்தமாக இருந்ததுதான் காரணம். வேறொருவரின் கணனி மந்தமானால் எமது கடை ஏன் நிற்க வேண்டும்?

பழைய கடைகளில் இதற்கு வழி இருந்தது. முன்னால் நிற்கும் விற்பனையாளர் சாமானின் பெயரைத் துண்டில் எழுதிக் கம்பியில் குத்திவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிடுவார். பின்னறையில் இருக்கும் பொடியன் துண்டை எடுத்துச் சாமானை இறக்குவான். கணனிக்காரர்கள் 'மெசேஜ் கியூ' என்று சொல்வது அந்தக் கம்பியைத்தான். கியூ என்றதும் எமக்கு அந்தக் காலத்துப் பாண் கியூவும் 2022இன் பெற்றோல் கியூவும் நினைவுக்கு வரும். இங்கே மனிதர் நிற்பதில்லை, துண்டுகள்தான் நிற்கின்றன. ஓடரைப் பதிவதும் இருப்பைக் கழிப்பதும் முன்னாலேயே, வாடிக்கையாளர் காத்திருக்கும்போதே நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இல்லாவிட்டால் இல்லாத சாமானை விற்றுவிடுவோம். மற்றவற்றைத் துண்டாக எழுதிப் பின்னால் அனுப்பலாம்.

இந்தக் கம்பியை எமது கணனியிலேயே வைத்துக்கொள்ளலாம், இணையத்தில் வாடகைக்கும் எடுக்கலாம். வாடகைக்குக் கிடைப்பவற்றில் பழையது அமேசன் நிறுவனத்தின் 'எஸ்.கியூ.எஸ்.' சேவை. 2004 நவம்பரில் அறிமுகமாகி, 2006 ஜூலையில் பொதுப் பாவனைக்கு வந்தது. இணையத்தளம் துண்டை அங்கே போடும். பின்னறைப் பொடியனாக வேலை செய்யும் மென்பொருள், "ஏதும் இருக்கிறதா?" என்று அங்கே போய்க் கேட்டு எடுத்துவரும்.

போய்க் கேட்டு எடுப்பது என்பது எம்போன்றோருக்கு மிக வசதி. கணக்கு மென்பொருள் கடையில் உள்ள கணனியில் இருந்தாலும், வெளியிலிருந்து எவரும் அதற்குள் நுழையக் கதவு திறந்து வைக்க வேண்டியதில்லை. கரண்ட் போனாலும் துண்டுகள் அங்கேயே இருக்கும். நாம் மாற்றாவிட்டால் 4 நாட்கள், மாற்றினால் ஆகக்கூடியது 14 நாட்கள். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு நாளில்கூட, கரண்ட் வந்தபின் கடைக் கணனி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். 4 நாட்களை 14 ஆக்குவது மேல். நீண்ட பெருநாள் விடுமுறையில் கடை பூட்டியிருந்தால் 4 நாட்கள் போதாது.

இனித்தான் காசு சம்பந்தப்பட்ட இடம். பொடியன் துண்டை எடுத்ததும் அது கம்பியிலிருந்து அழிந்துவிடுவதில்லை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது நேரம் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் "முடிந்தது, அழித்துவிடு" என்று அவனே திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறைவு நேரம் முடிந்ததும் துண்டு மீண்டும் தோன்றும், இன்னொருவன் எடுப்பான். பொடியன் பாதி வேலையில் மயங்கி விழுந்தாலும் ஓடர் தொலையாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. ஆனால் இதே ஏற்பாடுதான் ஒரு வேலையை இரண்டு தடவை நடக்கவும் வைக்கிறது. மறைவு நேரம் நாம் மாற்றாவிட்டால் 30 விநாடிகள். கூரியர் கம்பனியின் கணனி பதில் தர 40 விநாடிகள் எடுத்தால், முதலாமவன் இன்னும் காத்திருக்கும்போதே இரண்டாமவனும் அதே பார்சலைப் பதிவு செய்வான். இரண்டு தடவை ஆள் வரும், இரண்டு கட்டணம் விழும். மறைவு நேரத்தை 12 மணித்தியாலம் வரை நீட்டலாம். ஆக நீளமான வேலை எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.

அது மட்டும் போதாது. சாதாரண வகைக் கியூவில் ஒரு துண்டு எப்போதாவது இரண்டு தடவை வரக்கூடும் என்று அமேசனே சொல்லித்தான் விற்கிறது. குறுந்தகவல் இரண்டு வந்தால் வாடிக்கையாளர் சிரித்துவிட்டுப் போவார். விற்பனை இரண்டு தடவை கணக்கில் ஏறினால் வருட முடிவில் நாம்தான் அழ வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் பில் இலக்கம் இருக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் அந்த இலக்கம் ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்று பேரேட்டைப் பார்க்க வேண்டும். ஒரே இலக்கத்துக்கு இரண்டாவது பதிவை ஏற்காதபடி பேரேட்டையே பூட்டிவிடுவது அதைவிட நல்லது. கூரியர் கம்பனிக்கும் அந்த இலக்கத்தையே கொடுத்து, அவர்களும் இரண்டாவதை மறுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒழுங்கு முறையும் மாறலாம். 10 மணிக்கு ஓடர், 10.01க்கு அதை இரத்துச் செய்யும் அறிவித்தல். இரத்து முதலிலும் ஓடர் பின்னாலும் வந்தால், வேண்டாமென்றவர் வீட்டுக்குப் பார்சல் போகும். இதற்காக 2016இல் வரிசை மாறாத இன்னொரு வகை வந்தது. ஒரே ஓடருக்குரிய துண்டுகளுக்கு ஒரே குழுப் பெயர் கொடுத்தால் போட்ட ஒழுங்கிலேயே வரும். திரும்பப் போடப்பட்ட அதே துண்டை 5 நிமிடங்கள் வரை அது கண்டுபிடித்தும் விடும். ஆறாவது நிமிடத்தில் வந்தால் பிடிபடாது. எனவே பேரேடு பார்க்கும் வேலை இங்கும் தேவைதான்.

சில துண்டுகள் எத்தனை தடவை எடுத்தாலும் முடியாது. தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண் குறைவு, முகவரி இல்லை, இப்படி. ஐந்து தடவை தோற்றால் வேறொரு கம்பிக்கு மாற்று என்று சொல்லி வைக்கலாம். தளம் அமைப்பவர்கள் இதைப் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். அந்த இரண்டாவது கம்பியைத் தினமும் பார்ப்பது யார் என்பதைத்தான் எவரும் தீர்மானிப்பதில்லை. கணக்கெழுதுபவரிடம் அதை ஒப்படையுங்கள், அங்கேயும் துண்டுகளுக்குக் காலக்கெடு உண்டு.

தளத்தைக் கையேற்குமுன் ஒரு மாலைப் பொழுதில் பின்னறைக் கணனியை நிறுத்திவிட்டு ஐந்து ஓடர்கள் போடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அதை இயக்கி, பேரேட்டில் எத்தனை பதிவுகள் ஏறுகின்றன என்று எண்ணுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் ஒரு தடவை வயரைப் பிடுங்கியும் பாருங்கள். தம்பிமார் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். அமேசனில் மாதந்தோறும் முதல் பத்து இலட்சம் கோரிக்கைகள் இலவசம். ஒரு துண்டைப் போடுவது, எடுப்பது, அழிப்பது என மூன்று கோரிக்கைகள். நூறு இருநூறு ஓடர்கள் வரும் கடைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் "ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டு வெறுங்கையோடு வருவதும் ஒரு கோரிக்கையாக எண்ணப்படும். விநாடிக்கொரு தடவை கேட்டால் நாளொன்றுக்கு 86,400, முப்பது நாளில் 2,592,000. ஒரு தடவை கேட்டுவிட்டு 20 விநாடிகள் வரை அங்கேயே காத்து நிற்கும் முறை உண்டு, அதை 'லோங் போலிங்' என்பார்கள். அப்படி வைத்தால் துண்டு எதுவும் வராத கியூவுக்கு மாதம் 129,600தான். அதை வைத்திருக்கிறாரா என்று தளம் அமைப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.