அயப்பாக்கத்துக் கணக்கும் நூம்பல் கண்ணும்: கிருமியை எண்ணியே மடக்குவது தெரியுமா?

அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்கி, பூந்தமல்லி என்றால் டிராஃபிக். மேற்குச் சென்னையைப் பற்றிய நம் பொது அறிவு அத்தோடு சரி. ஆனால் அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில், ஹவுசிங் போர்டு வீடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தியா முழுமைக்கும் நோய்க் கணக்கு எழுதுகிற ஒரு நிறுவனம் இருப்பது தெரியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப் பரவியல் நிறுவனம்! ஆவடியில் தொழுநோய்க்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த ஒரு களப்பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் 1999ல் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கினார்கள்.

2020 மே மாதம். கொரோனா யார் யாருக்கு வந்துபோனது என்று யாருக்கும் தெரியாத நேரம். 130 கோடிப் பேரையும் சோதிக்க முடியுமா? முடியாது. 70 மாவட்டங்களில் வெறும் 28,000 பெரியவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அதை நடத்திய குழுவுக்கு முன்னே நின்றது இந்த அயப்பாக்கம்தான். நூற்றுக்கு 0.73 பேர் உடம்பில் எதிர்ப்புப் பொருள் இருந்தது. கேட்க ஒன்றுமில்லாத எண் மாதிரி இருக்கிறதா? நாட்டின் பெரியவர்கள் தொகையோடு பெருக்கினால் 64 லட்சம் பேர்! அரசுப் பட்டியலில் ஒரு பெயர் ஏறியிருந்தால், வெளியே 82 முதல் 130 பேர் வரை தொற்றோடு நடமாடியிருக்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எந்த இடத்துச் சோற்றை எடுப்பது என்பதில்தான் வித்தையே!

இந்த வித்தைக்குப் பக்கத்துணையாக இன்னொன்று உண்டு, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று பெயர். பிரிட்டனில் ரேடாரும் நீர்மூழ்கிக் கப்பலுமாகப் போர்க்காலத்தில் வளர்ந்த படிப்பு. முழு விவரமும் கையில் வருவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டிய இடத்தில் எது குறைந்த ஆபத்து என்று கணக்குப் போடுவது. நம் பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்திலேயே கடைசிப் பாடமாக இருக்கிறது, பொதுத்தேர்வுக்கு முன் அவசர அவசரமாகப் புரட்டப்படுகிற பாவப்பட்ட பாடம். அதே சங்கதிதான் ஆஸ்பத்திரிக்குள் போனால் உயிர் காக்கிறது.

எப்படி? காசநோயை எடுத்துக்கொள்வோம். மாத்திரை இலவசம், சோதனை இலவசம். ஆனாலும் சாவு நிற்கவில்லை. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள் என்பது தெரியுமா? எல்லோரையும் படுக்கையில் போட இடமில்லை. போடவும் கூடாது, ஒருவர் இருமல் இன்னொருவருக்குத் தொற்றும். அப்படியானால் யாருக்குப் படுக்கை, யாரை வீட்டுக்கு அனுப்புவது?

2022ல் தமிழ்நாடு ஒரு திட்டம் தொடங்கியது. காசநோய் இறப்பில்லாத் திட்டம். அதற்கு மூளை அயப்பாக்கம். லேப் ரிசல்ட் வேண்டாம், எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியர் ஒரு எடை மெஷின், உயரம் பார்க்கும் அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம். உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழேயா? ஐந்தேகால் அடி உயர மனிதர் 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம்! 16க்குள் இருந்து, கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்குகிறதா? ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கிவிட்டதா? ‘கொஞ்சம் எழுந்து நில்லுங்க ஐயா’ என்றால் சுவரையோ மகன் தோளையோ பிடிக்காமல் நிற்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் உடனே பெரிய பரிசோதனைக்குப் போகிறார், தேவையென்றால் அட்மிஷன். எழுந்து நிற்கச் சொல்வதுகூட ஒரு டெஸ்ட்! செலவு? பூஜ்யம். ஆரம்ப கால இறப்பு குறைந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2025ல் இதே ஐந்தாறு எண்களைத் தட்டினால் ‘இவருக்கு இறப்பு அபாயம் இவ்வளவு சதவீதம்’ என்று சொல்லும் கணக்கையும் ஊழியர்கள் பயன்படுத்தும் ஆப்பிலேயே ஏற்றிவிட்டார்கள்.

அயப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வாருங்கள். வேலப்பன்சாவடியை ஒட்டிய நூம்பலில் 2017ல் ஒரு கண் ஆஸ்பத்திரி திறந்தார்கள். 1976ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த்தின் கிளைதான் அது. முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன மனிதர் கத்தி பிடித்த கதை நமக்குத் தெரியும். தெரியாதது அரவிந்த் ஆபரேஷன் தியேட்டருக்குள் நடக்கும் கணக்கு!

ஒரு டாக்டர், இரண்டு மேஜை. முதல் மேஜையில் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்து முடிக்கும்போது, இரண்டாவது மேஜையில் அடுத்தவர் கண்ணைச் சுத்தம் செய்து துணி போர்த்தித் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் எழுந்து ஓட வேண்டியதில்லை, மைக்ராஸ்கோப்பைத் திருப்பினால் போதும். டாக்டரின் கை சும்மா இருக்கும் நேரம்தான் தியேட்டரிலேயே விலை உயர்ந்த பொருள் என்று கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு வேகத்தில் போனால் கண்ணுக்குள் கிருமி புகாதா? அங்கேதான் ஆச்சரியம். மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கண்ணுக்கும் எல்லாம் புதிது, எல்லாம் குப்பைத்தொட்டிக்கு என்ற கட்சி. இங்கே டாக்டரின் கவுன் முதல் பல பொருள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆபரேஷனுக்கு உழைக்கும். கருவிகள் மட்டும் ஒவ்வொரு நோயாளிக்கும் நீராவியில் வெந்து சுத்தமாகி வரும். ஒரு ஆபரேஷனுக்குக் குப்பை சுமார் 250 கிராம்தான்! வெளியேறும் கரியமில வாயு 6 கிலோ அளவு. பிரிட்டனில் இதே ஆபரேஷனுக்கு ஆவதில் ஏறத்தாழ 20ல் ஒரு பங்கு. தொற்றோ மேல்நாட்டுக்குச் சமம் அல்லது குறைவு. எதைத் தூக்கி எறிந்தால் கிருமி குறையும், எதை எறிந்தாலும் குறையாது என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற துணிச்சல் இது. எண்ணாமல் இதைச் செய்தால் அதற்குப் பெயர் கஞ்சத்தனம், ஆபத்தும்கூட.

எண்ணுவது என்றால் எவ்வளவு எண்ண வேண்டும் என்பது தெரியுமா? ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்தில் ஒரு துளி செலுத்தினால் தொற்று குறையுமா என்ற கேள்விக்கு அரவிந்த் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசியது. 2017ல் வெளிவந்த முடிவு இது: மருந்து போடாத 3,02,815 கண்களில் 214ல் தொற்று. போட்ட 3,14,638 கண்களில் 64. அதாவது 10,000க்கு 7 என்பது 2 ஆனது. அதே விகிதத்தில் பார்த்தால், போடாதவர்களுக்கும் போட்டிருந்தால் சுமார் 150 பேருக்கு அந்தத் தொற்றே வந்திருக்காது.

இதை ஒரு தனி டாக்டர் தன் அனுபவத்தில் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியவே முடியாது! வருஷத்துக்கு 500 ஆபரேஷன் செய்பவருக்கு, 10,000க்கு 7 என்ற கணக்கில், மூன்று வருஷத்துக்கு ஒரு தொற்றுதான் வரும். பத்து வருஷத்தில் ஏழு வருஷம் ஒன்றுமே நடக்காது. ‘என் கையில் இன்ஃபெக்‌ஷனே கிடையாது சார்’ என்று மார்தட்டலாம், பொய்யும் இல்லை. இதற்கு ஒரு சுலபச் சூத்திரம் இருக்கிறது, மூன்றின் விதி என்பார்கள். 300 பேருக்குச் செய்து ஒரு தொற்றும் வரவில்லையா? மூன்றை 300ஆல் வகுங்கள். உண்மையான அபாயம் நூற்றுக்கு ஒன்று வரைகூட இருக்கலாம்! பூஜ்யம் என்று போர்டு வைக்கும் ஆஸ்பத்திரியிடம் ‘எத்தனை பேரில் பூஜ்யம்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு அதிசயம். 100 பேரைச் சோதிக்க 30 டெஸ்ட் போதும்! 1943ல் அமெரிக்காவின் ராபர்ட் டார்ஃப்மன், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது மேகநோய்ச் சோதனைக்காகச் சொன்ன யோசனை. ஐந்து பேர் மாதிரியை ஒன்றாகக் கலந்து ஒரே டெஸ்ட். இல்லையென்று வந்தால் ஐவரும் தப்பித்தார்கள். இருக்கிறதென்றால் மட்டும் ஐவருக்கும் தனித்தனியாக. நூற்றுக்கு 2 பேருக்கு நோய் இருக்கும் ஊரில் முதல் சுற்றுக்கு 20, மறுசுற்றுக்குச் சராசரியாக 10. ஆனால் நூற்றுக்கு 30 பேருக்கு நோய் இருந்தால்? 103 டெஸ்ட் ஆகிவிடும், கலக்காமலேயே இருந்திருக்கலாம்! அதனால்தான் 2020 ஏப்ரலில் ஐ.சி.எம்.ஆர். கொரோனாவுக்கு இந்த முறையை அனுமதித்தபோதே நோய் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடத்தில் செய், 5 சதவீதத்தைத் தாண்டினால் தொடாதே என்று கோடு கிழித்தது. 

கிருமிக் கணக்கில் கியூவுக்கும் இடமுண்டு. நோயாளிகள் நினைத்த நேரத்தில் வருகிறார்கள். ஒரு டாக்டர் ஒரு நோயாளியைச் சராசரியாக 5 நிமிடம் பார்க்கிறார். அவர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் வாசலில் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 சதவீதம் ஆனால் 45 நிமிடம். 95 ஆனால்? 95 நிமிடம்! டாக்டருக்கு வேலை கொஞ்சம்தான் கூடியது, பெஞ்சில் இருமலோடு உட்கார்ந்திருக்கும் நேரமோ நாலரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. கியூவே கிருமிக்கு மேடை. டோக்கனுக்கு நேரம் போட்டுக் கொடுப்பது வசதிக்காக என்று நினைக்கிறோம், அது தடுப்பு மருந்து மாதிரியும் வேலை செய்கிறது.

கியூ குறைந்தால் போதாது, காற்றும் மாற வேண்டும். ஜன்னல் சமாச்சாரம் தெரியுமா? பெரு நாட்டின் லீமா நகர ஆஸ்பத்திரிகளில் அளந்து 2007ல் எழுதினார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டால் மணிக்கு 28 தடவை அறைக் காற்று மாறுகிறது. காசு கொட்டி வைத்த மெஷின் காற்றோட்ட அறையில் 12 தடவைதான். உயரமான கூரை போட்ட பழைய கட்டடங்கள் இன்னும் ஒரு படி மேலே, 40 தடவை! ஏ.சி. மாட்டியதும் ஜன்னலுக்குப் பிளைவுட் அடிக்கிற நம் கிளினிக்குகளை என்ன சொல்ல.

இப்படி எண்ணிப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கென்று ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். யார் சானடோரியம் என்னும் காசநோய் ஆஸ்பத்திரிக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் முறை தீர்மானித்தது. சானடோரியத்தில் முட்டை, பால், படுக்கை, ஓய்வு. வீட்டிலோ நெருக்கடியான ஒற்றை அறை, அரைவயிற்றுச் சாப்பாடு, ஆனால் அதே மருந்து. 1959ல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை! மருந்து உள்ளே போனதும் தொற்று வேகமாகக் குறைந்திருக்கிறது.

சென்னைக்கு மேற்கே திருவள்ளூர்ப் பக்கம், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968ல் இன்னொரு பெரும் சோதனை தொடங்கியது. பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காக்குமா என்று பார்க்க ஏறத்தாழ 3,60,000 பேரைச் சேர்த்து, 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். காக்கவில்லை என்பதே பதில். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு மட்டும் ஊசி இன்றும் தொடர்கிறது. கதை முடிந்ததா? இல்லை. 2024ல் நாட்டின் பல மாவட்டங்களில் பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வை மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்கள், எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!