‘பாக்ஸ்’ விற்றால் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம்: பதிப்புரிமைச் சட்டம் யாரைத் தொடும்?

ஈப்போ – ஒரு தடவை பணம் கட்டினால் போதும், எல்லாத் தமிழ் அலைவரிசைகளும் வரும், புதுப்படமும் வரும். புலனக் குழுக்களில் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. சுங்கை சிப்புட்டாக இருந்தாலும் தெலுக் இந்தானாக இருந்தாலும், அந்தப் ‘பாக்ஸை’ விற்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பையனாகவே இருப்பார். அவர் செய்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அவருக்கும் தெரியாது, வாங்குகிற நமக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987-இல் வந்தது. கேசட்டையும் அச்சுப் புத்தகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. இணையம் வழி ஒளிபரப்பு பெருகியதும் பழைய பிரிவுகள் போதவில்லை. எனவே 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. அது 2022 மார்ச் 18-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

அதில் சேர்க்கப்பட்ட 43ஏஏ பிரிவுதான் முக்கியம். பதிப்புரிமையை மீறும் ஒளிபரப்புக் கருவியையோ செயலியையோ தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, விளம்பரம் செய்வது, அந்தச் சேவையை மக்களுக்கு வழங்குவது ஆகிய அனைத்தும் குற்றம். தண்டனை 10,000 ரிங்கிட்டிலிருந்து 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டுக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டும்.

இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அப்படிப் பார்த்தால், ஆகக் குறைந்த அபராதமே ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ 6 மாதச் சம்பளம். பக்கத்து வீடுகளுக்குப் ‘பாக்ஸ்’ பொருத்திக் கொடுத்து 50 ரிங்கிட் லாபம் பார்க்கும் இளைஞரும் இதே பிரிவின்கீழ் வரக்கூடும் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கருவியே குற்றமா?

இல்லை. ஆண்ட்ராய்டு பெட்டியை வைத்து யூடியூப் பார்க்கலாம், சந்தா கட்டி நெட்பிளிக்ஸ் பார்க்கலாம். உரிமம் இல்லாத அலைவரிசைகளையும் படங்களையும் திறந்துவிடும் செயலியை அதில் ஏற்றி விற்பதுதான் குற்றம்.

வீட்டில் அமர்ந்து பார்ப்பவரை 43ஏஏ பிரிவு குறிவைக்கவில்லை. அதன் வாசகம் விற்பவர், வழங்குபவர், பரப்புபவர் பக்கமே இருக்கிறது. ஆனால் உணவகம் நடத்துபவர் நிலை வேறு. வீட்டுக்கு எடுத்த சந்தாவை வைத்துக் கடையில் வாடிக்கையாளர்களுக்குக் காற்பந்து காட்ட முடியாது. அதற்கு வணிகச் சந்தா தனியாக உண்டு. அது இல்லாமல் ஒளிபரப்பிய கடைகள்மீது அஸ்ட்ரோ வழக்குத் தொடுத்துள்ளது.

திரையரங்கில் கைப்பேசியைத் தூக்குபவர்களும் கவனிக்க வேண்டும். 2012 திருத்தத்தின்படி, திரையரங்கில் ஓடும் படத்தைப் பதிவு செய்தால் 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கதாநாயகன் அறிமுகக் காட்சியை ‘ஸ்டேட்டஸ்’ போடுவது விளையாட்டாகத் தோன்றலாம். பதிவு செய்வதே குற்றம் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இரண்டு தரப்பு வாதங்கள்

தண்டனை மிகக் கடுமை என்பவர்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒரு படம் ஒரு தளத்தில், அடுத்த படம் வேறு தளத்தில் என்று வந்தால் எத்தனை சந்தா கட்டுவது? தோட்டத்தை விட்டு வந்து மலிவு விலை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு மாதம் 30 ரிங்கிட்டும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய தொகைதான். சில பழைய படங்கள் எந்தத் தளத்திலும் கிடைப்பதும் இல்லை.

தண்டனை மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. அங்கே 2004-லேயே திருட்டு வீடியோ தயாரிப்பவர்கள் குண்டர் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். 2023-இல் இந்தியா ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாயிலிருந்து படத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதித்தது. இருந்தும் ‘தமிழ் ராக்கர்ஸ்’ போன்ற தளங்கள் முடக்க முடக்க வேறு முகவரியில் முளைத்தன.

மறுதரப்பு வாதத்தை நம் ஊரிலிருந்தே பார்க்கலாம். கோடிகளில் எடுக்கப்படும் கோடம்பாக்கப் படம் பல நாடுகளில் ஓடிப் போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கும். மலேசியத் தமிழ்ப் படத்துக்கு இந்த நாட்டுத் தமிழர்களை விட்டால் பெரிய சந்தை கிடையாது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் வாழ்க்கையைச் சொன்ன ‘ஜகாட்’ 2015-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. அப்படி ஒரு படத்தின் நுழைவுச்சீட்டில் நூறு குறைந்தாலும் அடுத்த படத்துக்கான முதல் குறைகிறது.

புத்தகமும் இதில் அடங்கும்

படத்தைப் பற்றிப் பேசும் நாம் புத்தகத்தை மறந்துவிடுகிறோம். உள்ளூர் எழுத்தாளர் பலர் கைக்காசைப் போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் கிடைப்பதை வைத்து அச்சகக் கடனை அடைக்கிறார்கள். அந்த நாவலை யாரோ பி.டி.எஃப் ஆக்கிப் புலனத்தில் விட்டால் மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். அனுப்புபவர் தமிழ் வளர்ப்பதாகவே நினைத்து அனுப்புகிறார் என்பதுதான் வேதனை.

ஆசிரியர் இறந்துவிட்டால் எல்லாருக்கும் பொது என்ற எண்ணமும் தவறு. தமிழ்நாட்டு அரசு சிலரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அது அந்தந்த எழுத்தாளருக்கு மட்டும் பொருந்தும். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். 2016-இல் மறைந்த ரெ. கார்த்திகேசுவின் எழுத்துக்கு 2066 இறுதிவரை பாதுகாப்பு உண்டு.

மாணவர்கள் அஞ்சத் தேவையில்லை. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம் ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டமே இடம் தருகிறது. 2022 திருத்தம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்கவும் வழி செய்துள்ளது.

வாங்குமுன் கேளுங்கள்

ரசீது உண்டா, மாதச் சந்தா யாருக்குப் போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘ஆயுள் முழுவதும் இலவசம்’ என்றால் சந்தேகப்படுங்கள். தளம் முடக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது. முகம் தெரியாத செயலியை ஏற்றிய கருவியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். புகார் செய்ய விரும்புவோர் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சை 1-800-886-800 என்ற எண்ணில் அழைக்கலாம்.